டர்போ வண்டியும் சில்லறைச் செலவும்

பகல் முழுவதும் என் கால் பிரேக்கில்தான் இருக்கும். மாத்தளையில் ஒரு லேனர்ஸில் வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பெண்கள் படிக்க வருவது கூடிவிட்டதால், அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு பெண் வேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றியது. லைசன்ஸ் எடுத்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நான் அகப்பட்டேன். லேனர்ஸ் வண்டியில் எனக்கு இடது பக்க ஆசனம். காலடியில் எனக்கென்று ஒரு கிளச், ஒரு பிரேக். ஆக்சிலேட்டர் மட்டும் கிடையாது. வேகத்தைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. அந்த ஆசனத்தில் நான் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தாலே எனக்குக் கோபம் வரும்.

படிக்க வந்த பெண்களை நான் குறை சொல்லவில்லை. எதிரே ஒரு பஸ் வந்தால் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்கிறவள் அடுத்த மாதமே கண்டி நெரிசலில் ஓட்டிக்கொண்டு போவாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தால் வலது காலில் ஒரு தினவு. நாள் பூராவும் அடக்கி வைத்த கால் அது.

ஒரு ஏப்ரல் மாதம் நானும் என் கணவரும் நுவரெலியா சீசனுக்குப் போயிருந்தோம். அவர் இரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். பூக்கண்காட்சி பார்க்கத்தான் போனோம். எங்கிருந்தோ வந்த சத்தத்தைத் தேடிக்கொண்டு போய் மலையேற்றப் பந்தயத்தில் நின்றுவிட்டோம். ஒவ்வொரு வண்டியாகக் கீழிருந்து விடுவார்கள். வளைந்து வளைந்து ஏறும் ரோட்டில் யார் சீக்கிரம் உச்சிக்குப் போகிறார்களோ அவர்கள் ஜெயிப்பார்கள். பெரிய வண்டிகளைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில் ஒரு சின்ன ஜப்பான் வண்டி வந்தது. மூன்று கதவு, பின்கதவு மேலே திறக்கிற ஜாதி. டீச்சர்மார் சாமான் வாங்க ஓட்டிப்போகிற வண்டிதான். அது ஒரு சீழ்க்கையோடு எங்களைக் கடந்து போனதும் என் கணவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அது வளைவில் மறையும் வரை நான் எட்டி எட்டிப் பார்த்தேன். அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். ஒரே ஒரு தடவையாவது என் வலது கால் முழுசாக அமுங்கியிருக்க, நான் அந்த மலையில் ஏற வேண்டும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவரிடம் சொன்னேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவரும் நிறுத்திவிட்டார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் இவள் வண்டி வண்டி என்று அலைகிறாள் என்று பேசியவர்கள் உண்டு. பேசிவிட்டுப் போகட்டும்.

பலாபத்வலையில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு கராஜ் இருந்தது. லேனர்ஸ் வண்டிகளுக்கு அங்கேதான் வேலை பார்ப்போம். கராஜ்காரரை, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, நான் நானா என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் தங்கச்சி. கைராசியான ஆள், பேச்சிலும் சமர்த்தர். கராஜுக்குப் பின்னால் ஒரு பலா மரத்தடியில், நான் மலையில் பார்த்த அதே ஜாதி வண்டி ஒன்று கிடந்தது. வெள்ளை நிறம், சாதாரண எஞ்சின், யாரோ விற்கக் கொடுத்துவிட்டுப் போனது. அதை வாங்கியதோடு என் சேமிப்பு சரியாகிவிட்டது.

"இதுக்கு டர்போ போடலாமா நானா?" என்று கேட்டேன்.

"ஏன் ஏலாது? இதுட கூடப்பொறந்த தம்பி ஒண்டு ஈக்கி, டர்போ வந்த மொடல். அதுட ஹாஃப் கட் ஒண்டு எடுத்தா அப்படியே உக்காரும்."

ஹாஃப் கட் என்பது ஒன்றுமில்லை. ஜப்பானில் பழைய வண்டியை முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் குறுக்கே அறுத்து, முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புவார்கள். எஞ்சின், கியர் பொக்ஸ், வயர், முன்சக்கரம் எல்லாம் அதில் இருக்கும். வீட்டில் இதை விளக்கியபோது என் கணவர், "மத்த பாதி எங்க?" என்று கேட்டார். "அங்கயே இருக்கு, இன்னொரு பைத்தியம் வாங்கும்" என்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த எஞ்சினுக்கு அரைவெட்டு என்று பெயர்.

டர்போவையும் விளக்கச் சொன்னார். புகைக்குழாய் வழியாக வீணாகப் போகிற காற்றே ஒரு விசிறியைச் சுற்றும். அந்த விசிறி எஞ்சினுக்குள் இன்னும் காற்றைத் திணிக்கும். ஊதாங்குழலால் ஊதினால் அடுப்பு எழும்புகிற மாதிரி என்றேன். "ஊதினா விறகும் சீக்கிரம் தீந்துபோகுமே" என்றார். கிளாக்கர் புத்தி அப்படித்தான் போகும்.

பணக் கணக்கை நான் தாளில் எழுதுவதில்லை. மாணவி வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருக்கும்போது, காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு மனதுக்குள் போடுவேன். லேனர்ஸ் நேரத்துக்கு வெளியே நான் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் பாடங்களின் காசு என்னுடையது. அதனால் எனக்கு ரூபாயை விடப் பாடம்தான் அளவு. கிளச் பிளேட் இத்தனை பாடம், ரேடியேட்டர் இத்தனை பாடம் என்றுதான் கணக்கு ஓடும். கொஞ்ச நாளில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு மாணவியின் முகம் வந்துவிட்டது. கிளச் பிளேட் என்றால் டெஸ்டில் விழுந்து விழுந்து எழும்பிய ஒரு தபால்காரரின் மனைவி. காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலர் என்றால் நாவுல ஊர் வெங்காய வியாபாரியின் இரண்டு மகள்கள். அக்கா கற்றுக்கொண்டு போன பிறகு தங்கை வந்தாள். யாராவது டெஸ்டில் தவறினால் மனதார வருத்தப்படுவேன். வருத்தம் முடிந்ததும், இன்னும் நாலு பாடம் வரும், புகைக்குழாய்க்கு ஆச்சு என்றும் நினைத்துக்கொள்வேன்.

இது போக எங்கள் லேனில் குடியிருக்கும் பெண்கள் சேர்ந்து போடும் சீட்டு ஒன்று. மாதாமாதம் எல்லாரும் போடுவோம், ஒருத்திக்கு மொத்தமாகப் போகும். என் முறை தைப்பொங்கல் கழிந்து வரும். அந்தப் பணத்தைப் பெரிய டர்போவுக்கு என்று ஒதுக்கிவிட்டேன். முதலில் அரைவெட்டு எஞ்சின், பிறகு அதோடு வரும் டர்போவுக்குப் பதிலாகப் பெரிய டர்போ, ஏப்ரலில் மலை. கேட்பதற்கே நன்றாக இருந்தது.

நானாவிடம் எதைக் கேட்டாலும் எஞ்சினுக்கும் டர்போவுக்கும் மட்டும்தான் விலை சொல்வார். மற்றதெல்லாம் அவருக்கு ஒரே சொல். ஹோஸ் பைப்பா? சில்லறை. காஸ்கெட்டா? சில்லறை. ஒயில் போகும் குழாய், பெற்றோல் பம்ப், கிளிப், வயர்? "அதெல்லாம் சில்லறத் தங்கச்சி, அதுக்கெல்லாமா கணக்குப் பாக்கிற?" என்பார். பெரிய சாமானின் விலையைக் கேட்டுத் தலை சுற்றி நிற்கிறவளுக்கு அந்தச் சொல் ஆறுதலாக இருக்கும். நானும் என் மனக்கணக்கின் கடைசியில் சில்லறை என்று ஒரு சின்ன மூலையை ஒதுக்கினேன். தெரியாததையெல்லாம் அதில் தள்ளினேன்.

அரைவெட்டு எடுக்கக் கொழும்புக்குப் போனோம். சமாதானம் சமாதானம் என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டிருந்த காலம். தமிழர்கள் கொழும்பில் ஓரிரவு தங்குவதென்றாலும் ஆயிரம் கேள்வி வரும். அதனால் விடியுமுன்னே புறப்பட்டு, நானாவுக்குத் தெரிந்த ஒரு லொறியில் போய், வெளிச்சம் இருக்கும்போதே பழைய சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையை விட்டுக் கிளம்புவதாகத் திட்டம். அங்கே கடை கடையாக வண்டிகளின் முன்பாதிகள் வரிசையில் நின்றன. எல்லாம் முகம் மட்டும் உள்ள வண்டிகள். எனக்குச் சிரிப்பு வந்தது.

கடைக்காரர் முழு அரைவெட்டுக்கு ஒரு விலை சொன்னார். எஞ்சின், கியர் பொக்ஸ், வயர், கம்பியூட்டர் பெட்டி மட்டும் போதும் என்றால் ஒரு விலை. முன்சக்கரத்துப் பிரேக் டிஸ்க், அது மாட்டியிருக்கும் இரும்பு, லைட், பொனட் எல்லாம் அவரே வைத்துக்கொள்வார். இரண்டு விலைக்கும் நடுவில் கிடந்த காசு ஒன்றும் பெரிசில்லை. ஆனால் அன்றைக்கு என் கைப்பையில் அது இல்லை.

"பிரேக்?" என்று நானாவைப் பார்த்தேன்.

"பழசே ஈக்கிதே. அது சில்லறத் தங்கச்சி. பொறகு பாப்போம்."

நானும் சரி என்றேன். பகல் முழுக்கப் பிரேக்கில் காலை வைத்துச் சம்பாதித்த காசில் எஞ்சின் வாங்கினேன், பிரேக்கைக் கடையில் விட்டுவிட்டு வந்தேன். பக்கத்தில் இருக்கிறவள் பிரேக் பிடிப்பாள் என்று நம்பித்தான் என் மாணவிகள் எல்லாரும் ஓட்டினார்கள். நானும் யாரோ பிடிப்பார்கள் என்று இருந்துவிட்டேன் போல.

எஞ்சினைப் பொருத்த நானாவுக்கு மாதங்கள் பிடித்தன. ஒவ்வொரு கிழமையும் சில்லறை என்னைக் கடித்தது. பழைய ரேடியேட்டர் சூடு தாங்கவில்லை. பழைய பெற்றோல் பம்ப் மூச்சுத் திணறியது. எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் பொருந்தவில்லை என்று இரும்பு வெட்டி ஒட்டினார்கள். எஞ்சினின் விலையைச் சில்லறை எட்டிப் பிடித்துவிடும் போலிருந்தது. நான் விடவில்லை. விடியற்காலையில் இரண்டு பாடம் சேர்த்தேன், ஞாயிற்றுக்கிழமையையும் விற்றேன். இரத்தோட்டை ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி கடமை முடிந்து அரைத்தூக்கத்தில் படிக்க வருவாள். அவள்தான் எனக்குப் பெற்றோல் பம்ப்.

ஒரு நாள் மாலை எஞ்சின் உயிர் பெற்றது. நானா சாவியை என்னிடம் கொடுத்து, "பெடல நீங்களே அமத்துங்க" என்றார். காலை வைத்ததும், அந்த ஏப்ரலில் நான் கேட்ட சீழ்க்கை என் பொனட்டுக்கு உள்ளிருந்து வந்தது. நான் அழுதுவிட்டேன். நானா பார்க்காத மாதிரி ஒரு ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு காலை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். கணவரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பலாபத்வலையிலிருந்து யாழ்ப்பாண வீதியில் நாவுலவை நோக்கி. ரோட்டில் அவ்வளவாக வாகனம் இல்லை. முந்திப்போக ஒரு லொறி கிடைத்தது, காலை அழுத்தினேன். முதுகு ஆசனத்தில் ஒட்டிக்கொண்டது, லொறி எப்போது பின்னால் போனது என்றே தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் கூரைப் பிடியைப் பிடித்தபடி, "மெதுவா, மெதுவா" என்றார். அதன் பிறகு இறக்கம், வளைவு, மறுபடி இறக்கம். ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை மிதித்தேன், விட்டேன், மறுபடி மிதித்தேன். ஏதோ கருகுகிற வாடை வந்தது. புது எஞ்சின் அப்படித்தான் மணக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாவுலவுக்கு முன்னால் ஒரு வளைவு கழிந்ததும் இராணுவத்துச் சோதனைச் சாவடி. தார்ப் பீப்பாய்களை மாறி மாறி வைத்து, வண்டிகள் ஊர்ந்து போகும்படி செய்திருந்தார்கள். நான் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரிக் கீழே போனது. வண்டி போய்க்கொண்டே இருந்தது.

அந்தக் காலத்தில் சாவடியில் நிற்காத வண்டிக்கு என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்தேன், கியரை இறக்கினேன், ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். முதல் பீப்பாயை உரசிக்கொண்டு, நில் என்று எழுதிய பலகையையும் தாண்டி, வண்டி குறுக்காக நின்றது. இரண்டு துவக்குகளின் குழல்கள் எங்களைப் பார்த்திருந்தன. என் கணவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மல்லி, பிரேக் நே! பிரேக் நே!" என்று கத்தினேன். தம்பி, பிரேக் இல்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில் சிங்களத்தில் அதற்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை.

பையன்தான் அந்தச் சிப்பாய். எங்களை இறக்கி நிறுத்தினான். முன்சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. குனிந்து கையைக் கிட்டே கொண்டுபோனவன் சட்டென்று இழுத்துக்கொண்டான். பிரேக் கதையை அவன் நம்பினான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. துவக்கும் கீழே இறங்கியது.

ஆனால் அதோடு முடியவில்லை. அடையாள அட்டையைப் பார்த்தார்கள், வண்டிப் புத்தகத்தைப் பார்த்தார்கள், பிறகு எஞ்சினில் அடித்திருந்த இலக்கத்தைப் பார்த்தார்கள். புத்தகத்தில் ஒரு இலக்கம், எஞ்சினில் வேறு இலக்கம். இலக்கத்தை மாற்றி எழுதுவதும் சில்லறையில்தான் கிடந்தது. இரண்டு தமிழர்கள், பதிவில் இல்லாத எஞ்சின், நிற்காத வண்டி. பொலிஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே ஒரு அதிகாரி, "இவ்வளவு பவர் எதுக்கு? எங்க ஓடிப் போக?" என்று சிங்களத்தில் கேட்டார். "மலை ஏற" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. "ரேஸ் ஓட" என்றார் என் கணவர். "யாரு, நீயா?" என்று அவரைக் கேட்டார் அதிகாரி. அவர் என்னைக் காட்டினார். அதன் பிறகுதான் அந்த அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். நம்பினார் என்று சொல்ல மாட்டேன்.

நாங்கள் சொல்லியனுப்பி, மாலையில் நானா பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். எஞ்சின் வாங்கிய பில்லை ஒரு ஷொப்பிங் பேக்கில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார். பில்லில் இருந்த இலக்கமும் எஞ்சினில் இருந்த இலக்கமும் ஒன்றாக இருந்ததால் எங்களை விட்டார்கள். உடனே புத்தகத்தை மாற்று என்று சொல்லித்தான் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கணவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை.

"வண்டிய வித்துருவோம்" என்றார்.

"விக்க மாட்டேன்."

"அந்தப் பையனோட விரல் எங்க இருந்துச்சுன்னு நீ பாத்தியா? நான் அத மட்டுந்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

"நான் ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன். அதனாலதான் வண்டி நின்னுச்சு."

"உன் கணக்குல கிளச்சுக்கு இடம் இருக்கு, பைப்புக்கு இடம் இருக்கு. என் பயத்துக்கு எவ்வளவு போட்டிருக்க?"

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "பயமா இருந்தா பஸ்ல வாங்க" என்றேன். "நான் தெனம் பஸ்லதான் போறேன்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். தேத்தண்ணி ஆறிப் போனது.

எனக்கும் பயம்தான். அவர் முன்னால் அதைக் காட்டினால் வண்டி போய்விடும் என்று காட்டவில்லை. இதை விற்றால் நான் சாகும் வரை இடது பக்க ஆசனத்தில்தான் இருப்பேன் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அந்த உறுதியோடுதான் தூங்கினேன்.

மறுநாள் ஒரு புது மாணவி. ஒரு மரத்தைச் சுற்றி வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிவிட்டுக் கணக்கை முதலிலிருந்து போட்டேன். இந்தத் தடவை கடைசியில் கிடந்ததை முதலில் எடுத்தேன். பிரேக்குக்கு எவ்வளவு, சூடு ஆற்ற எவ்வளவு, டயருக்கு எவ்வளவு, இலக்கம் மாற்ற எவ்வளவு, தலைக்கவசம், ஆளை இறுக்கிப் பிடிக்கிற பெல்ட், வண்டி உருண்டால் நசுங்காமல் தாங்குகிற இரும்புக் கூடு. சில்லறை என்ற மூலையை அடைத்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் அதனதன் பெயர். போட்டு முடித்தபோது ஒன்று தெளிவாகிவிட்டது. பவருக்கு ஒரு ரூபாய் போட்டால், அதை நிறுத்தவும் ஆற்றவும் தாங்கவும் இன்னொரு ரூபாய் வேண்டும். அந்த ரூபாய் இல்லாதவள் பவரைத் தொடக்கூடாது. எனக்கு வர இருந்தது சீட்டுப் பணம் மட்டும்தான். அதற்குள் மாணவி வண்டியை மரத்தில் சாய்க்கப் பார்த்தாள், பிரேக்கை அமத்தினேன்.

சீட்டு விழுந்த அன்று நானாவிடம் போனேன். "பெரிய டர்போ வேணாம் நானா. பிரேக் எடுப்போம்."

அவர் முகம் தொங்கிப்போனது. பெரிய டர்போவுக்கு என்னை விட அவர்தான் ஆசைப்பட்டிருந்தார். "பிரேக்க வெச்சி யாரும் ரேஸ் வெண்டதில்லத் தங்கச்சி. பெரிய டர்போ இல்லாட்டி நீங்க கடைசியிலதான் வருவீங்க."

"கடைசியா வந்தாலும் மேல வந்து சேரணும்."

"சில்லற வேலைக்கு இவ்வளவு காசா?"

"நானா, அந்தச் சொல்ல இனிமே என் வண்டிகிட்ட சொல்லாதீங்க" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடித்தான் போனது. கராஜில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, கோவிக்க வேணாம்" என்றார். ஆள் நல்லவர். அதற்குப் பிறகு ஒவ்வொரு போல்ட்டுக்கும் விலை சொல்லத் தொடங்கி என் உயிரை எடுத்தார்.

மறுபடி பஞ்சிகாவத்தைக்கு. அதே கடையில் நாங்கள் விட்டுவிட்டு வந்த அதே முன்பிரேக் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று விட்ட காசை விட இப்போது கடைக்காரர் நன்றாகக் கூட்டிச் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார், நான் சிரிக்காமல் கொடுத்தேன்.

கணவர் அதன் பிறகு விற்கச் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஆனால் இலக்கம் மாற்ற லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். சிங்களத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியதையெல்லாம் அவரே எழுதி, ஜன்னல் ஜன்னலாக நின்று, கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். வரும் வழியில், "மலைக்கு நானும் வாறேன். ஆனா அந்த வண்டியில நான் இனிமே ஏற மாட்டேன்" என்றார். சரி என்றேன். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

ஏப்ரல் வந்தது. லேனர்ஸ் முதலாளி லீவு தரமாட்டேன் என்றார், தராவிட்டாலும் போவேன் என்றேன், தந்தார். வண்டியை நானா ஓட்டிக்கொண்டு வந்தார், நாங்கள் பஸ்ஸில் போனோம். பந்தயத்துக்கு முந்தின நாள் அந்த ரோட்டை அடியிலிருந்து உச்சி வரை நடந்தேன். நடுவில் ஒரு இடது வளைவு. பார்த்தால் பிரேக் பிடிக்கத்தான் தோன்றும். ஆனால் அகலமாகத் திறந்து போகிற வளைவு. அதில் காலை எடுக்காமல் போனால் அதற்கு மேலே உள்ள ஏற்றம் முழுக்க டர்போவின் மூச்சு அறாது. எடுத்துவிட்டால் மூச்சு அறுந்து, திரும்பப் பிடிக்க நேரமெடுக்கும். என்னிடம் பெரிய டர்போ இல்லை. எனக்கு இருந்த ஒரே வழி அந்த வளைவில் காலை எடுக்காமல் இருப்பதுதான். அங்கேயே நின்று என் காலுக்குச் சொன்னேன்: இங்கே நீ அசையக்கூடாது.

வரிசையில் பெண் நான் ஒருத்திதான். பக்கத்து வண்டிக்காரர், வீட்டுக்காரர் எங்கே, அவர் ஓட்டவில்லையா என்று விசாரித்தார். "அவருக்கு வேற வேலை இருக்கு" என்றேன். கொடி இறங்கியது. காலை அழுத்தினேன்.

முதல் வளைவில் பிரேக் கல் மாதிரி நின்றது. இரண்டாவதில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி, பிடித்துக்கொண்டது. இத்தனை வருடமாக அடக்கி வைத்த கால் இதுதானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கத்திக்கொண்டே ஏறினேன் என்று நினைக்கிறேன். தலைக்கவசத்துக்குள் என் சத்தமே எனக்குக் கேட்டது. அந்த இடது வளைவு வந்தது. கால் அசையவில்லை. வண்டி உள்ளே போனது.

வளைவின் வெளிப்பக்கத்தில் பழைய டயர்களை அடுக்கியிருந்தார்கள். அதற்குப் பின்னால், தேயிலைக்கு மேலே இருந்த மேட்டில், ஆட்களோடு ஆளாக என் கணவர் நின்றார். கீழே நிற்பார் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு கையையும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றார்.

என் கால் எழும்பியது. ஒரு நொடிதான், உடனே அழுத்திவிட்டேன். ஆனால் சீழ்க்கை அறுந்துவிட்டது. அதற்கு மேலே உள்ள ஏற்றம் முழுவதும் வண்டி மூச்சுக்குத் தவித்துக்கொண்டே ஏறியது.

உச்சியில் ஓரமாக நிறுத்தினேன். ஓடி வந்த டர்போவை உடனே அணைக்கக்கூடாது, கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டு ஆற்ற வேண்டும். ஆறும் வரை ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். துக்கம் ஒன்றுமில்லை. அவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொள்ள எனக்கு இடம் தெரியவில்லை. என் வகை வண்டிகள் ஏறி முடிந்ததும், எனக்குக் கடைசிக்கு முந்தின இடம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அது என் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

எல்லாரும் ஏறி முடிந்ததும் வண்டிகளை வரிசையாக இறக்கினார்கள். அந்த வளைவுக்குக் கொஞ்சம் கீழே அவர் ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நிறுத்தினேன். ஏறவில்லை. கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்தார். முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது. நல்லா ஓட்டினாய் என்பார், இல்லை இதோடு போதும் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"ஏன் காலை எடுத்த?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டார்.

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? கண்ண மூடிக்கிட்டுதானே நின்னீங்க?"

"காது தொறந்துதானே இருந்துச்சு. சத்தம் கேட்டுக்கிட்டே வந்துச்சு, என்கிட்ட வந்ததும் எறங்கிப் போச்சு. ஏன் எடுத்த?"

"ஒங்களப் பாத்துத்தான்" என்றேன். என் குரலும் உயர்ந்துவிட்டது. "அடுத்த வருஷம் கீழயே நில்லுங்க."

பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹோன் அடித்தார். என் கணவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்ல, அங்கயேதான் நிப்பேன்" என்றார். "கண்ணத் தொறந்து வச்சுக்கிறேன். நீ காலை எடுக்காத."